ரஹீம் சாஹிப்: பள்ளிக்கூட மைதானத்தில் இந்தியக் கால்பந்தை வளர்த்த ஆசிரியர்

இந்தியக் கால்பந்து அணி ஆசிய விளையாட்டுப் போட்டியில் இதுவரை இரண்டே முறைதான் தங்கம் வென்றிருக்கிறது. முதல் தங்கம் 1951-ல் டெல்லியில். இரண்டாவது 1962-ல் ஜகார்த்தாவில். இரண்டு முறையும் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர் ஒருவரே. அவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த பள்ளிக்கூட ஆசிரியர் சையத் அப்துல் ரஹீம். வீரர்களும் ஊர் மக்களும் அவரை ரஹீம் சாஹிப் என்றே அழைத்தார்கள்.

சிவகாசி, நாரணாபுரம் பக்கம் நம் பிள்ளைகளிடம் கால்பந்து வீரர்களின் பெயரைக் கேட்டால் மெஸ்ஸி, ரொனால்டோ, முஹம்மது சலா என்று தயங்காமல் சொல்வார்கள். ரஹீம் என்ற பெயரை அவர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 2024-ல் இவருடைய வாழ்க்கையை வைத்து 'மைதான்' என்ற இந்திப் படம் வந்தது. அதில் அஜய் தேவ்கன் ரஹீமாக நடித்தார். படம் என்றால் கதைக்காகச் சில கூட்டல் குறைச்சல் இருக்கத்தான் செய்யும். படத்துக்கு வெளியே உள்ள ரஹீம் சாஹிபின் வாழ்க்கையை நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

பந்து விளையாடினால் படிப்பு கெடும், அதனால் ஒரு பயனும் இல்லை என்று எண்ணும் பெற்றோர் நம்மிடையே நிறைய உண்டு. அவர்கள் அவசியம் படிக்க வேண்டிய வாழ்க்கை இது.

வாத்தியார் வேலையும் பந்தும்

ரஹீம் 1909 ஆகஸ்ட் 17-ம் தேதி ஹைதராபாத்தில் பிறந்தார். அன்று அது நிஜாமின் ஆட்சியில் இருந்த சமஸ்தானம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்த காலத்திலேயே நல்ல கால்பந்து ஆட்டக்காரர் என்று பெயர் எடுத்தார். ஆனால் பந்தை மட்டும் நம்பிப் பிழைக்கும் காலம் அது இல்லை. கலைப் பிரிவில் பட்டம் பெற்று ஆசிரியர் வேலையில் சேர்ந்தார்.

காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, உர்து ஷரீஃப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி என்று அடுத்தடுத்து பல பள்ளிகளில் வேலை பார்த்தார். இடையில் உடற்கல்வியில் டிப்ளோமா முடித்தார். அதன் பிறகு பிள்ளைகளின் விளையாட்டுப் பொறுப்பு முழுவதும் அவரிடம் வந்தது. இன்றைய பேச்சில் சொன்னால் அவர் ஒரு பி.டி. மாஸ்டர்.

இந்திய அணியின் பயிற்சியாளர் என்ற பெரிய பொறுப்பு வருவதற்கு முன்பு பல ஆண்டுகள் அவர் கழித்த இடம் பள்ளிக்கூட மைதானம்தான். பிற்காலத்தில் அவர் செய்த ஒவ்வொன்றிலும் வகுப்பறை வாத்தியாரின் வழிமுறை தெரியும். ஒரு பாடத்தைச் சிறு சிறு துண்டாகப் பிரிப்பது, ஒவ்வொரு துண்டையும் கை வரும்வரை பழக்குவது, பிறகு மொத்தமாகச் சேர்ப்பது. ஓர் எழுத்தைத் திருத்தமாக எழுதக் கற்றுக்கொடுப்பது போலவே பந்தை நிறுத்துவதையும் கொடுப்பதையும் கற்றுக்கொடுத்தார்.

1940-களின் தொடக்கத்தில் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் பொறுப்பும், ஹைதராபாத் நகரப் போலீஸ் அணியின் பயிற்சியாளர் பொறுப்பும் அவரைத் தேடி வந்தன. இறக்கும்வரை போலீஸ் அணியை அவர் கைவிடவில்லை.

இடது காலுக்கு ஒரு போட்டி, குள்ளப் பையன்களுக்கு ஒரு போட்டி

ரஹீம் சாஹிபின் உண்மையான சாதனை எது என்று கேட்டால் பலர் ஜகார்த்தா தங்கத்தைச் சொல்வார்கள். அந்தத் தங்கத்துக்கு விதை ஹைதராபாத் தெருக்களிலும் பள்ளிகளிலும் அவர் நடத்திய சின்னஞ்சிறு போட்டிகளில்தான் விழுந்தது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு உயரத்தை வைத்து ஒரு போட்டி நடத்தினார். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் வளர்ந்த பையன்கள் அதில் ஆட முடியாது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருவன் சீக்கிரம் வளர்ந்துவிடுவான், இன்னொருவன் மெதுவாக வளர்வான். கலந்து ஆடவிட்டால் வளர்ந்தவன் தோளால் இடித்தே பந்தைப் பறித்துக்கொள்வான். சின்னவனுக்குப் பந்தே கிடைக்காது. கொஞ்ச நாளில் மைதானத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவான். உயரத்துக்கு எல்லை வைத்தால் பலத்துக்கு வேலை இல்லை, திறமைக்குத்தான் வேலை.

அடுத்து, டிரிப்ளிங் செய்யக்கூடாத போட்டி. பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு நாலு பேரைத் தாண்டி ஓடுவதைத்தான் பையன்கள் வீரம் என்று நினைப்பார்கள். இந்தப் போட்டியில் அதற்கு இடமில்லை. பந்து வந்தவுடன் அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். அப்படிக் கொடுக்க வேண்டுமானால், பந்து வருவதற்கு முன்பே யார் எங்கே நிற்கிறான் என்று பார்த்திருக்க வேண்டும். நடுக்களத்தில் ஆடுகிறவனுக்கு அடிப்படையே இந்தப் பார்வைதான். தனியாக ஓடிப் பேர் வாங்கும் ஆசையை விட்டு, கூட்டாளியைத் தேடும் பழக்கத்தை அந்த வயதிலேயே ஊட்டினார்.

மூன்றாவது, பழகாத காலால் ஆடும் போட்டி. வலது கால் பழக்கமுள்ளவன் இடது காலால் ஆட வேண்டும். இடது கால் பழக்கமுள்ளவன் வலது காலால் ஆட வேண்டும். முதலில் பிள்ளைகள் தடுமாறுவார்கள், வேடிக்கையாக இருக்கும். சில மாதங்களில் அவர்களுக்கு இரண்டு காலும் ஒன்றுபோல் வேலை செய்யும்.

இவற்றுக்கு என்ன செலவு? ஒரு பந்து, ஒரு பொட்டல், நேரம் ஒதுக்க ஒரு பெரியவர். புல்தரை இல்லை, வெளிநாட்டு நிபுணர் இல்லை, லட்சக்கணக்கில் பணம் இல்லை. ஐரோப்பிய நாடுகளில் இன்று சிறுவர் பயிற்சிக் கூடங்களில் சின்ன மைதானம், தொடுதலுக்கு வரம்பு, இரண்டு கால் பயிற்சி என்று சொல்லிக்கொடுப்பதெல்லாம் இதே வழிதான். நம் நாட்டில் ஒரு பள்ளி ஆசிரியர் அதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே செய்துகாட்டினார்.

கலங்கிய ஊரிலிருந்து எழுந்த அணி

1948 செப்டம்பரில் ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு இணைக்கப்பட்டது. அந்த நாட்களில் அங்கிருந்த முஸ்லிம்கள் பட்ட துயரத்தை வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. பல குடும்பங்கள் ஊரைவிட்டே போயின. இருந்தவர்களின் நெஞ்சில் அச்சமும் எதிர்காலம் பற்றிய கேள்வியும் நிறைந்திருந்தன.

அதிலிருந்து இரண்டே ஆண்டுகளில், 1950-ல், ரஹீமின் ஹைதராபாத் போலீஸ் அணி பம்பாய்க்குப் போய் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அத்துடன் நிற்கவில்லை. 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அந்தக் கோப்பை அவர்களிடமே இருந்தது. அதே 1950-ல் நாட்டின் மிகப் பழைய கால்பந்துப் போட்டியான டூரண்ட் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் கல்கத்தாவின் மோகன் பகான் அணியைத் தோற்கடித்தார்கள். 1954-லும் டூரண்ட் கோப்பை அவர்களுக்கே. கால்பந்து என்றால் கல்கத்தா என்று இருந்த நாட்டில், ஹைதராபாத் என்ற இன்னொரு பெயரும் சேர்ந்தது.

இந்த வெற்றிகளைப் பார்த்துத்தான் இந்திய அணியின் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார்கள். சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்ட ஒரு சமுதாயத்தின் மனிதர், நாட்டின் கொடியைத் தாங்கும் அணிக்கு ஆசானானார். தன்னை நிரூபிக்க அவர் கூட்டம் போட்டுப் பேசவில்லை, யாரோடும் வாதாடவில்லை. தெரிந்த வேலையை எவரும் குறை சொல்ல முடியாதபடி செய்தார். அமானிதமாக வந்த பொறுப்பை அமானிதமாகவே பார்த்தார்.

1951 மார்ச்சில் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. சைலேன் மன்னா தலைமையில் இந்திய அணி இந்தோனேசியாவையும் ஆப்கானிஸ்தானையும் தலா 3-0 என வென்று, இறுதியில் ஈரானை 1-0 என வீழ்த்தியது. மேவாலால் அடித்த ஒரே கோல் தங்கத்தைக் கொண்டுவந்தது. பிரதமர் நேரு நேரில் அமர்ந்து அந்த ஆட்டத்தைப் பார்த்தார்.

பத்து கோல் கற்றுத்தந்த பாடம்

அடுத்த ஆண்டே பெரிய அடி விழுந்தது. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-1 என்ற கணக்கில் தோற்றது. நம் வீரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். ஃபின்லாந்தின் குளிரும் ஈரத் தரையும், பூட்ஸ் அணிந்த எதிரணியும் சேர்ந்து அவர்களைத் திணறவைத்தன.

வேறு ஒருவராக இருந்தால் குளிரைக் குறை சொல்லிவிட்டு ஊர் திரும்பியிருப்பார். ரஹீம் சாஹிப் அந்தத் தோல்வியைப் பாடமாக எடுத்துக்கொண்டார். இனி பூட்ஸ் இல்லாமல் ஆடக்கூடாது என்ற விதி வர வேண்டும் என்று வலியுறுத்தினார். இந்தியக் கால்பந்துச் சங்கமும் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. வெறுங்காலில் பழகிய ஒரு தலைமுறைக்கு இது கசப்பான மருந்து. ஆனால் அதைக் குடிக்காமல் நோய் தீர்ந்திருக்காது.

அதே ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹங்கேரி அணியின் ஆட்டத்தையும் அவர் கூர்ந்து கவனித்தார். அவர்களுடைய நடு முன்கள வீரர் கோல் முனையிலேயே நிற்காமல் பின்னால் இறங்கி நடுக்களத்துக்கு வந்துவிடுவார். அவரைக் காவல் காப்பவருக்குக் குழப்பம்: பின்தொடர்ந்தால் பின்னால் இடம் காலியாகும், நின்றால் அவர் தனித்து விடப்படுவார். இந்த முறையை ரஹீம் இந்திய அணிக்குக் கொண்டுவந்தார். பிறகு பிரேசில் அணியால் உலகப் புகழ் பெற்ற 4-2-4 என்ற ஆட்ட அமைப்பையும் நம் வீரர்களுக்குப் பழக்கினார்.

பலன் நான்கே ஆண்டுகளில் தெரிந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் போட்டி நடத்திய ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று இந்தியா தோற்கடித்தது. நெவில் டிசோஸா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குள் நுழைந்த முதல் ஆசிய நாடு என்ற பெருமை இந்தியாவுக்குக் கிடைத்தது. அரையிறுதியில் எதிரே நின்றது அதே யூகோஸ்லாவியா. முதல் கோலை அடித்தது இந்தியாதான். பிறகு 4-1 எனத் தோற்றாலும், பத்து கோல் வாங்கிய அணி நான்கு ஆண்டுகளில் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதை உலகம் கண்டது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் தோற்று நான்காம் இடம் பெற்றோம். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா எட்டிய உச்சம் இன்றுவரை அதுதான்.

அந்த அணியில் ரஹீம் சாஹிபின் ஹைதராபாத்திலிருந்து வந்த இளைஞர்கள் பலர் இருந்தார்கள். அஜீஸுத்தீன், நூர் முஹம்மது, அஹமது ஹுசைன், ஜுல்ஃபிகாருத்தீன் என்று அந்தப் பட்டியல் நீளும்.

தமிழ் வீடுகளிலிருந்து இருவர்

ரஹீமின் கையில் வளர்ந்தவர்களில் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. துளசிதாஸ் பலராமன் செகந்திராபாத் அருகே அம்முகுடாவில் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பூட்ஸ் வாங்கக் காசில்லாமல், போலீஸ்காரர்கள் கழித்துவிட்ட பழைய பூட்ஸைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து மாற்றிப் போட்டுக்கொண்டு ஆடிய பையன். அவருடைய ஆட்டத்தைப் பார்த்த ரஹீம், ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னார். தினமும் அவ்வளவு தூரம் வந்துபோகப் பணமில்லை. வாடகை சைக்கிளுக்கு ஆகும் காசை ரஹீமே கொடுத்து வரவழைத்தார். அந்தப் பையன் 1956-லும் 1960-லும் ஒலிம்பிக்கில் ஆடினார். ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கும் பெருவுக்கும் எதிராகக் கோல் அடித்தார்.

ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் ஒரு மாணவனின் சைக்கிள் வாடகை சின்னத் தொகை இல்லை. அந்தப் பையன் எந்த மதம், எந்த மொழி என்று அவர் பார்க்கவில்லை. திறமை இருக்கிறது, வழி இல்லை. வழியைத் தான் ஏற்படுத்திக்கொடுக்க வேண்டும் என்று மட்டுமே பார்த்தார்.

இன்னொருவர் பீட்டர் தங்கராஜ். அவரும் ஹைதராபாத்தில் பிறந்த தமிழர். முதலில் முன்கள வீரராக ஆடியவர், பட்டாளத்தில் சேர்ந்த பிறகு கோல்கீப்பராக மாறி, ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பெயர் வாங்கினார். நெடிய உருவம், நீண்ட கைகள். ஜகார்த்தாவில் அந்தக் கைகளுக்குத்தான் வேலை காத்திருந்தது.

மகன் என்பதற்காகச் சலுகை இல்லை

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா பலம் மிக்க பிரிவில் மாட்டிக்கொண்டது. ஹங்கேரியிடம் 2-1 என்று போராடித் தோற்றது. பிரான்ஸை 1-1 எனத் தடுத்து நிறுத்தியது. கோல் அடித்தவர் அணித் தலைவர் பி.கே. பானர்ஜி. பெருவிடம் 3-1 எனத் தோற்று வெளியேறியது.

அந்த அணியில் ரஹீமின் மகன் சையத் ஷாஹித் ஹக்கீமும் இடம் பெற்றிருந்தார். ஹக்கீம் நடுக்கள வீரர். பயிற்சியாளர் சொந்தத் தந்தை. ஆனால் ரோமில் ஓர் ஆட்டத்தில்கூட ஹக்கீம் களமிறங்கவில்லை. ஒலிம்பிக்கில் ஆடினேன் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொள்ளும் பெருமையை மகனுக்குச் சில நிமிடங்களில் கொடுத்திருக்கலாம். அவர் கொடுக்கவில்லை. பொறுப்பில் இருப்பவர் சொந்தபந்தத்தைப் பார்க்கக்கூடாது என்று நாம் மேடையில் கேட்பதை, அவர் மைதானத்தில் செய்துகாட்டினார்.

தந்தை மீது கோபித்துக்கொண்டு ஹக்கீம் கால்பந்தை விட்டுவிடவில்லை. விமானப்படையில் ஸ்குவாட்ரன் லீடர் பதவிவரை உயர்ந்தார். பன்னாட்டு நடுவரானார். 1982 டெல்லி ஆசியப் போட்டியில் இந்திய அணிக்குப் பி.கே. பானர்ஜியோடு துணைப் பயிற்சியாளராக இருந்தார். பின்னர் இந்திய விளையாட்டு ஆணையத்தில் பணியாற்றி, தந்தையைப் போலவே இளைஞர்களை உருவாக்கினார். 2017-ல் தியான் சந்த் விருது அவருக்குக் கிடைத்தது. 2021 ஆகஸ்டில் காலமானார்.

ஜகார்த்தா, 1962 செப்டம்பர் 4

1962 ஆசியப் போட்டிக்கு அணியைத் தயார் செய்யும்போதே ரஹீம் சாஹிபின் உடலில் நோய் குடிகொண்டிருந்தது. புற்றுநோய். இருமலோடும் சோர்வோடும்தான் ஜகார்த்தாவில் அணியை நடத்தினார்.

தொடக்கமே சரியில்லை. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 எனத் தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 என வென்று அரையிறுதிக்குப் போனார்கள். ஆனால் தற்காப்பின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தாய்லாந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. பீட்டர் தங்கராஜ் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

மைதானத்துக்கு வெளியே நிலைமை அதைவிட மோசம். இஸ்ரேலையும் தைவானையும் அந்தப் போட்டிக்கு இந்தோனேசியா அனுமதிக்கவில்லை. இதை ஒலிம்பிக் குழு உறுப்பினரான இந்தியர் ஜி.டி. சோந்தி எதிர்த்தார். அந்தக் கோபம் முழுவதும் இந்திய வீரர்கள்மீது திரும்பியது. இந்தியர்கள் எங்கே ஆடினாலும் கூச்சல். இறுதி ஆட்டத்தின்போது மைதானத்தில் சுமார் ஒரு லட்சம் பேர். கிட்டத்தட்ட அத்தனை பேரும் எதிர்ப்பாளர்கள்.

இந்த நிலையில்தான் ரஹீம் சாஹிப் யாரும் எதிர்பார்க்காத முடிவை எடுத்தார். தலையில் தையலோடு இருந்த ஜர்னைல் சிங்கைத் தற்காப்பிலிருந்து எடுத்து நடு முன்கள வீரராக நிறுத்தினார். ஜர்னைல் இளம் வயதில் முன்களத்தில் ஆடியவர் என்பது அவருக்குத் தெரியும். அரையிறுதியில் தென்வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் ஒரு கோலும், அணித் தலைவர் சுனி கோஸ்வாமி இரண்டு கோலும் அடிக்க, இந்தியா 3-2 என வென்றது.

இறுதி ஆட்டத்துக்கு முந்திய இரவு வீரர்களுக்குத் தூக்கம் வரவில்லை. ரஹீம் அவர்களோடு பேசினார். நாளை தனக்கு ஒரு பரிசு வேண்டும், அந்தத் தங்கத்தைத் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதுவரை தனக்கென்று எதையும் கேட்காதவர் கேட்ட ஒரே பரிசு அது என்று வீரர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள்.

மறுநாள் எதிரே அதே தென்கொரியா. காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜ் மீண்டும் கோல் முனையில் நின்றார். முதல் 20 நிமிடங்களுக்குள் பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் சிங் ஒரு கோல். கடைசி நேரத்தில் கொரியா ஒன்றைத் திருப்பியது. ஆட்டம் 2-1 என முடிந்தது. ஒரு லட்சம் பேரின் கூச்சலுக்கு நடுவே இந்தியக் கொடி ஏறியது.

அந்த அணியைச் சற்று நினைத்துப் பாருங்கள். அணித் தலைவர் வங்காளத்து சுனி கோஸ்வாமி. ஜர்னைல் சிங், பிரிவினையில் லாயல்பூரை இழந்து வந்த சீக்கியக் குடும்பத்தின் பிள்ளை. நடுக்களத்தில் ராம் பகதூரும் கோவா வம்சாவளிக் கிறிஸ்தவர் ஃபிராங்கோவும். ஹைதராபாத்தின் யூசுஃப் கான். தமிழ் வீடுகளின் தங்கராஜும் பலராமனும். பிரிவினையின் காயங்கள் ஆறாத நாட்டில் இவர்கள் அனைவரும் ஒரு முஸ்லிம் ஆசிரியரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, அவர் கேட்ட பரிசுக்காக உயிரைக் கொடுத்து ஆடினார்கள். சமூக நல்லிணக்கம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட இந்த ஓர் அணி அதிகம் சொல்லிவிடுகிறது.

விட்டுச்சென்ற இடம்

தங்கத்தோடு ஊர் திரும்பிய ரஹீம் சாஹிப் ஓராண்டு முழுவதும் வாழவில்லை. 1963 ஜூன் 11-ம் தேதி வஃபாத்தானார். வயது 53. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியா விருதை இந்திய அரசு ஏற்படுத்தியது 1985-ல்தான். அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே அவர் போய்விட்டார்.

அவருக்குப் பிறகு 1970-ல் பாங்காக் ஆசியப் போட்டியில் இந்தியா வெண்கலம் வென்றது. அந்த அணியின் தலைவர் ஹைதராபாத்தின் சையத் நயீமுத்தீன். பயிற்சியாளர், ரஹீமின் மாணவர் பி.கே. பானர்ஜி. அதன் பிறகு ஆசியப் போட்டிக் கால்பந்தில் இந்தியாவுக்கு ஒரு பதக்கமும் இல்லை. ஹைதராபாத்திலும் அந்தப் பழைய களை குறைந்துபோனது.

ஏன் இப்படி ஆனது? ஒரு மனிதர் போனதால் மட்டும் இல்லை. உயரம் குறைந்த பையன்களுக்கும் பழகாத காலுக்கும் போட்டி நடத்திய அந்த வேலையை அதே பொறுமையோடு தொடர ஆட்கள் குறைந்தார்கள். மேலே கோப்பையைப் பார்த்தவர்கள் கீழே வேரைப் பார்க்கவில்லை. வேருக்குத் தண்ணீர் ஊற்றாமல் பழத்துக்குக் காத்திருந்தால் மரம் என்ன செய்யும்?

நம் ஊர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

சிவகாசி வட்டாரம் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் அச்சுக்கும் பேர் போனது. ஒரு காலத்தில் இங்கே பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் தீப்பெட்டி ஒட்டவும் பட்டாசு வேலைக்கும் போனார்கள். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அது நாடறிந்த பிரச்சினையாக இருந்தது. அந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்கு விளையாட்டு என்பது கிடைக்காத பொருள்.

இன்று பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். ஆனால் விளையாட்டு இன்னும் அவர்களிடம் முழுதாக வந்து சேரவில்லை. பள்ளி விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் மொபைல். நாரணாபுரம் போன்ற ஊர்களில் கரிசல் பொட்டலுக்குப் பஞ்சமில்லை. குறைவது, மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு நிற்க முன்வரும் ஒரு பெரியவர்தான்.

ரஹீம் சாஹிப் செய்ததை நம் மஹல்லாக்களில் செய்ய முடியும். பெருநாள் விடுமுறையிலோ கோடை விடுமுறையிலோ உயரத்துக்கு எல்லை வைத்து ஐந்து பேர் அணிகளாக ஒரு போட்டி நடத்தலாம். அடுத்த வாரம் பழகாத காலால் ஒரு போட்டி. அதற்கடுத்து, பந்தைப் பிடித்துவைக்காமல் உடனே கொடுத்துவிடும் ஆட்டம். ஊரில் எல்லா வீட்டுப் பிள்ளைகளையும், எல்லாச் சமுதாயத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். தொழுகை நேரத்துக்கும் பாட நேரத்துக்கும் இடையூறு இல்லாமல் நேரத்தை அமைத்துக்கொள்வது பெரியவர்களின் பொறுப்பு. ஊரில் ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர் இருந்தால், அவர் கையைப் பிடித்து மைதானத்துக்கு அழைத்து வாருங்கள்.

இதனால் நாளையே ஒலிம்பிக் வீரர் உருவாகிவிடுவார் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கூட்டாளியைப் பார்த்துப் பந்தைக் கொடுக்கக் கற்ற பிள்ளை, தோற்றால் காரணம் தேடாமல் பாடம் தேடக் கற்ற பிள்ளை, வாழ்க்கையில் எங்கே போனாலும் தடுமாறாது. அப்படிப் பத்துப் பிள்ளைகள் இருக்கும் ஊரில் ஒரு பலராமனும் இருக்கலாம். அவனுக்கு ஒரு சைக்கிள் வாடகை மட்டும் குறைவாக இருக்கலாம்.

சையத் அப்துல் ரஹீம் சாஹிப் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, அவருடைய உழைப்பை ஏற்று, வல்ல அல்லாஹ் அவருக்கு மேலான சுவனத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.